விடுமுறையில் வரைந்த கறுப்பு மருதாணி: மகளின் கையில் கொப்புளங்கள். இனி எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

கேள்வி: கொன்றை (லண்டன்)

அனைவருக்கும் வணக்கம். எட்டு வயதான என் மகளுக்கு ஏற்பட்டுள்ள தோல் ஒவ்வாமை குறித்து, மருத்துவத் துறையில் பணிபுரிபவர்களிடமும் இதே அனுபவம் உள்ள பெற்றோரிடமும் சில விளக்கங்களைப் பெற விரும்புகிறேன்.

ஈஸ்டர் விடுமுறைக்குக் குடும்பத்துடன் எகிப்தின் ஹுர்கதா நகருக்குச் சென்றிருந்தோம். நாங்கள் தங்கிய விடுதியின் நீச்சல் குளத்துக்கு அருகில் ஒருவர் மேசை போட்டுக் குழந்தைகளின் கைகளில் தற்காலிகப் பச்சை வரைந்துகொண்டிருந்தார். இது வெறும் மருதாணிதான், ஓரிரு வாரங்களில் தானாகவே மறைந்துவிடும் என்று அவர் உறுதியளித்ததன் பேரில், மகளின் முன்கையில் டால்ஃபின் ஒன்றை வரையச் செய்தோம். அரை மணி நேரத்துக்குள் பசை காய்ந்துவிட்டது. துடைத்ததும் கோடுகள் கன்னங்கரேலென்று இருந்தன. அங்கிருந்தவரை எந்தத் தொந்தரவும் இல்லை. லண்டனுக்குத் திரும்பிய மறுவாரம்தான் அரிப்புத் தொடங்கியது. இரண்டே நாள்களில் வரைந்த கோடுகள் முழுவதும் சிவந்து தடித்து, டால்ஃபினின் வடிவம் மாறாமல் நீர்க்கொப்புளங்களாக எழும்பின. குடும்ப மருத்துவர் பார்த்துவிட்டு, இது சாயத்தால் ஏற்பட்ட ஒவ்வாமை என்று கூறி ஸ்டீராய்டு களிம்பு எழுதிக்கொடுத்தார். இப்போது கொப்புளங்கள் வற்றி வருகின்றன. ஆனால் அந்த இடத்தில் தோல் வெளுத்துத் தெரிகிறது.

என் ஐயங்கள் இவை. இந்த வெளுப்பு நிலையாகத் தங்கிவிடுமா? இவ்வளவு சிறிய குழந்தைக்கு ஒவ்வாமைச் சோதனை செய்வது அவசியமா? வரும் செப்டம்பரில் என் தங்கையின் திருமணம் நடைபெறவுள்ளது. மருதாணி இடும் நாளில் மகளும் இட்டுக்கொள்ள ஆசைப்படுகிறாள். சென்னையில் உள்ள என் அம்மா ஒவ்வொரு முறையும் இலை அரைத்து அவளுக்கு இட்டுவிடுவார்; அப்போதெல்லாம் எதுவும் நேர்ந்ததில்லை. இனி அதுவும் கூடாதா? என் கணவர் தலைக்குச் சாயம் பூசுபவர். அதனால் குழந்தைக்கு ஏதேனும் பாதிப்பு வருமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: மருந்துப்பெட்டி (மருந்தாளுநர், லெஸ்டர்)

சகோதரி, உங்கள் மகளின் கையில் வரையப்பட்டதில் மருதாணி பெயரளவுக்கேனும் இருந்ததா என்பதே ஐயம்தான். மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற நிறமி தோலில் ஏறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். முதலில் ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி, அடுத்த இரண்டு நாள்களில் செம்பழுப்பாக அடர்த்தி பெறும். அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்ற நிறத்தைத் தருவது பாரா-பினைலீன்டையமின் என்னும் வேதிப்பொருள். சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். நிலக்கரித் தார் வழியாக உருவான சாயத் தொழிலில் பிறந்த பொருள் இது. கறுப்பு, அடர்பழுப்பு நிறத் தலைச்சாயங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் இதுவோ இதன் நெருங்கிய உறவினமோதான் அடிப்படை.

தலைச்சாயத்தில் அனுமதிக்கப்பட்ட ஒன்று கையில் பட்டால் மட்டும் ஏன் இவ்வளவு பாதிப்பு என்று நீங்கள் கேட்கலாம். ஐரோப்பிய அழகுசாதன விதிகளின்படியும், அவற்றைப் பின்தொடரும் பிரிட்டன் விதிகளின்படியும், தலையில் பூசும் கலவையில் பி.பி.டி. 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதையும் ஆக்சிஜனேற்றியுடன் (சாயத்தை விரைவாக வினைபுரியச் செய்து நிறம் பிடிக்கவைக்கும் பொருள்) கலந்து, சிறிது நேரத்தில் கழுவிவிட வேண்டும். தோலில் நேரடியாக வரைவதற்கு அதைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். கடற்கரைகளில் விற்கும் பசைகளைச் சோதித்த ஆய்வுகளிலோ 15 சதவீதத்துக்கும் மேற்பட்ட அளவு கண்டறியப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, ஆக்சிஜனேற்றி சேர்க்காத நிலையில் அது தோலிலேயே கிடந்து மெல்ல மெல்ல வினைபுரிகிறது. அமெரிக்காவிலும் தோலில் பூசும் பொருள்களில் இதற்கு அனுமதி இல்லை. 1933ஆம் ஆண்டில் அங்கே லாஷ் லூர் என்ற கண்ணிமைச் சாயத்தில் இதே பொருள் இருந்ததால் பெண்கள் பார்வையை இழந்தனர், ஓர் உயிரும் போயிற்று; 1938இல் உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டம் பிறக்க அந்தச் சம்பவமும் ஒரு காரணமாக அமைந்தது. இவ்வளவு பழைய பாடம் நீச்சல் குள மேசைகளை இன்னும் எட்டவில்லை என்பதுதான் வருத்தம்.

உடனடிப் பராமரிப்பைப் பொறுத்தவரை, மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்பை அவர் சொன்ன நாள் வரை முழுமையாகப் பூசுங்கள். சற்றுக் குறைந்ததும் நிறுத்திவிட்டால் மீண்டும் கிளம்பக்கூடும். இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்கும் ஒரு செய்தி: மருந்துக் கடைகளில் கிடைக்கும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவர் சீட்டின்றி நாங்கள் கொடுக்க முடியாது. அதனால் மருந்துக் கடையில் வாதாடுவதைக் காட்டிலும் குடும்ப மருத்துவரிடம் நேராகச் செல்வது நல்லது. கொப்புளங்களை உடைக்க வேண்டாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் அரிப்புத் தணியும். புண்ணில் மஞ்சள் நிறப் பொருக்குக் கட்டினாலோ, சுற்றிலும் சூடும் சிவப்பும் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கலாம், அன்றே காட்டுங்கள். முகமோ உதடோ வீங்கினாலும் மூச்சு விடச் சிரமப்பட்டாலும் 999ஐ அழைக்க வேண்டும்.

மறுமொழி: வைகைக்கரை (மதுரை)

அம்மா, எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகக் கொல்லையில் மருதாணிச் செடி இருக்கிறது. ஆடி மாதத்தில் இலை பறித்து, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்து, பிறந்த ஆறாம் மாதக் குழந்தை முதல் எண்பது வயதுப் பாட்டி வரை எல்லோருக்கும் வைத்துவிடுவோம். ஒருவருக்கும் ஒரு பொரி கூட வந்ததில்லை. பித்த உடம்புக்காரர்களுக்குச் சற்றுக் கறுத்துச் சிவக்கும், அவ்வளவுதான். ஆகவே மருதாணியின் மீது பழி போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். புண் ஆறுவதற்கு வேப்பிலையும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசினால் போதும். ஸ்டீராய்டு களிம்பு குழந்தைத் தோலை மெலிய வைத்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மறுமொழி: நொச்சி (தோல் நோய்ப் பிரிவுச் செவிலியர், பர்மிங்காம்)

மதுரைப் பெரியவர் இலையைப் பற்றிக் கூறியதில் பெரும்பகுதி சரி. தூய மருதாணியால் ஒவ்வாமை வருவது மிகவும் அரிது. ஆனால் ஆறு மாதக் குழந்தையைப் பற்றியும் மஞ்சள் பற்றியும் அவர் கூறியவற்றை நான் மறுத்தாக வேண்டும், ஐயா பொறுத்தருள்க.

முதலில் மஞ்சள், வேப்பிலை. உடைந்த கொப்புளம் என்பது திறந்த தோல். அதன் மேல் எதை அரைத்துப் பூசினாலும் எரிச்சலும் தொற்றும் வரக்கூடும். மஞ்சளே சிலருக்குத் தொடு ஒவ்வாமையை உண்டாக்குவதையும் எங்கள் துறையில் காண்கிறோம். அதோடு, மஞ்சள் நிறம் ஏறிய இடத்தில் சீழ் வைத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் கடினம். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும் என்பது மாதக்கணக்கில் அளவின்றிப் பூசுபவர்களைப் பற்றிய எச்சரிக்கை. ஓரிரு வாரங்கள் முன்கையில் மெல்லிய படலமாகப் பூசுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சிக் குறைவாகப் பூசுவதால்தான் அழற்சி நீண்டு, நிறமாற்றம் கூடுகிறது.

ஆறு மாதக் குழந்தையின் விஷயம் வேறு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, தூய மருதாணியில் உள்ள லாசோனே சிவப்பணுக்களைச் சிதைத்து, கடுமையான இரத்தசோகையையும் மஞ்சள்காமாலையையும் உண்டாக்க வல்லது. அரபு வளைகுடா நாடுகளிலிருந்து இத்தகைய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இந்தக் குறைபாடு தெற்காசியரிடையேயும் உண்டு, ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படும். அந்துருண்டையை இந்தக் குறைபாடு உள்ளவர்களிடமிருந்து விலக்கி வைக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். கைக்குழந்தையின் உள்ளங்கை முழுவதும் மருதாணி அப்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். எட்டு வயதுப் பெண்ணுக்கு, அதுவும் முன்பே பலமுறை இட்டுப் பழகியவளுக்கு, இந்தக் கவலை பொருந்தாது.

இனி கொன்றை அவர்களின் கேள்விக்கு வருகிறேன். வரைந்த உடனே எதுவும் நேராமல் ஊர் திரும்பிய மறுவாரம்தான் தொந்தரவு தொடங்கியது என்று நீங்கள் குறிப்பிட்டது மிகவும் பயனுள்ள தகவல். பி.பி.டி. மிகச் சிறிய மூலக்கூறு. தோலுக்குள் எளிதில் நுழைந்து அங்குள்ள புரதங்களோடு பிணைகிறது. அந்தப் பிணைப்பை அன்னியப் பொருளாக அடையாளம் காணும் டி-அணுக்கள் (ஒரு வகை நோய் எதிர்ப்பு அணுக்கள்) உருவாக ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அவை தயாரான பிறகும் தோலில் சாயம் எஞ்சியிருந்தால், அதே இடத்தில் அழற்சி வெடிக்கும். ஆக, உங்கள் மகளுக்கு இது முதல் அறிமுகமாக இருந்திருக்க வேண்டும். முன்பே பழக்கப்பட்ட உடலாக இருந்திருந்தால் ஓரிரு நாள்களிலேயே, விடுமுறை முடியுமுன்னரே, கொப்புளம் வந்திருக்கும். பாட்டி இட்ட மருதாணி இதற்குக் காரணமில்லை என்பதற்கும் இந்தக் கால இடைவெளியே சான்று.

இதன் மறுபக்கம்தான் கவலைக்குரியது. அந்த டி-அணுக்கள் தோல் ஆறியதும் கலைந்து போவதில்லை. இந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும். அடுத்த முறை பி.பி.டி. படும்போது ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள், முன்னினும் கடுமையாக வரலாம். குழந்தையின் கையில் வந்த கொப்புளத்தை விட, அவள் பதினாறு வயதில் தோழியர் வீட்டில் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளப் போகும் நாளைத்தான் நாங்கள் எண்ணிப் பார்க்கிறோம். அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006ஆம் ஆண்டுக்குரிய ஒவ்வாமைப் பொருளாக இதைத் தேர்ந்தெடுத்ததற்கு, இப்படி இளம் வயதில் பழக்கப்பட்டுவிட்டவர்கள் பெருகியதும் ஒரு காரணம்.

வெளுப்பைப் பற்றி: அழற்சிக்குப் பிந்தைய நிறக் குறைவு என்று இதைக் கூறுவோம். குழந்தைகளிடம் இது மிகவும் வழக்கம், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் சில மாதங்களில் நிறம் திரும்பும். சிலருக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். மிகச் சிலருக்கே நிலைத்துவிடும். நிறம் திரும்பும் வரை வெயிலில் செல்லும்போது அந்த இடத்தை முழுக்கை உடையால் மூடுங்கள், அல்லது சன்ஸ்கிரீன் பூசுங்கள். சுற்றியுள்ள தோல் கறுத்தால் வெளுப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். நிறத்தை வரவழைக்கும் என்று விற்கப்படும் எந்தக் களிம்பையும் வாங்க வேண்டாம். குடும்பத்தில் யாருக்கேனும் தழும்புகள் தடித்து வளரும் இயல்பு இருந்தால் மட்டும், மேடு தட்டுகிறதா என்று சில மாதங்கள் கவனித்து வாருங்கள்.

சோதனை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஒட்டுச் சோதனையில், வாசலினில் கலந்த 1 சதவீத பி.பி.டி.யைச் சிறு வட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டுவோம். எங்கள் மருத்துவமனையில் திங்கட்கிழமை ஒட்டி, புதன்கிழமை எடுத்து, வெள்ளிக்கிழமை மறுபடியும் பார்ப்பது நடைமுறை. உங்கள் மகளைப் போல வரைந்த வடிவத்திலேயே கொப்புளம் எழுந்த குழந்தைக்கு நோயறிதலில் ஐயமே இல்லை என்பதால், சில மருத்துவர்கள் சோதனையைத் தள்ளிவைப்பார்கள். சோதனையே முதுகில் ஒரு கொப்புளத்தை உண்டாக்கிவிடலாம். வேறு சிலர், இன்னும் எவற்றோடு குறுக்கு எதிர்வினை இருக்கிறது என்றறிய, மிகக் குறைந்த செறிவில் தொடங்கிச் செய்வார்கள். என் தனிப்பட்ட கருத்து: இப்போது அவசரமில்லை. ஆனால் தோல் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்று ஒருமுறையாவது காட்டி, அவளது மருத்துவப் பதிவில் இந்த ஒவ்வாமையை எழுதச் செய்துவிடுங்கள். குடும்ப மருத்துவரின் கணினியில் வெறும் “தோல் அழற்சி” என்று இருந்தால் பத்து ஆண்டுகள் கழித்து யாருக்கும் பயன்படாது. பொருளின் பெயர் இருக்க வேண்டும்.

குறுக்கு எதிர்வினை என்றேனே, அதையும் விளக்கிவிடுகிறேன். பி.பி.டி.யின் வேதி அமைப்பை ஒத்த சில பொருள்களும் அதே அணுக்களைத் தூண்டலாம். பென்சோகெய்ன் என்ற மரப்பு மருந்து தொண்டை வலி மிட்டாய்கள் சிலவற்றில் இருக்கிறது. அடர்நிறச் செயற்கை இழைத் துணிகளில் பயன்படும் அசோ வகைச் சாயங்கள், கறுப்பு ரப்பரில் சேர்க்கும் சில பொருள்கள், பழைய வகை சன்ஸ்கிரீன்களில் இருந்த பாபா என்ற அமிலம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் அடங்கும். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் வருவதில்லை. ஆகவே பள்ளிக்குப் போடும் கறுப்புக் காலுறைகளை எல்லாம் தூக்கி எறிய வேண்டாம். காரணம் தெரியாத தடிப்பு வரும்போது நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பல் மருத்துவர் வழக்கமாகப் போடும் லிடோகெய்ன் ஊசி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, அதற்குத் தடையில்லை. ஆயினும் ஒவ்வாமையை அவரிடமும் தெரிவியுங்கள்.

மறுமொழி: ரைன்நதி (டோர்ட்முண்ட், ஜெர்மனி)

நொச்சி அவர்கள் குறிப்பிட்ட அந்தப் பதினாறு வயது எங்கள் வீட்டில் வந்து போய்விட்டது. என் மகள் தொடக்கப் பள்ளியில் படித்தபோது துருக்கியின் அன்டால்யா கடற்கரையில் இதே போன்ற கறுப்புப் பச்சையை வரைந்துகொண்டாள். அப்போது வந்தது மெல்லிய தடிப்பும் அரிப்பும்தான், கொப்புளம் இல்லை. பார்த்த மருத்துவர் களிம்பு கொடுத்தார், ஒரு வாரத்தில் மறைந்தது. தலைச்சாயம் பற்றி அன்று எவரும் எதுவும் கூறவில்லை.

பள்ளி இறுதி விழாவுக்கு முன்பு தோழிகளோடு சேர்ந்து கடையில் வாங்கிய அடர்பழுப்புச் சாயத்தைப் பூசிக்கொண்டாள். அன்றிரவு உச்சந்தலையில் அரிப்பு. மறுநாள் நெற்றியும் காதுகளும் வீங்கி நீர் கசிந்தது. அதற்கடுத்த நாள் காலையில் இரு கண்களும் திறக்க முடியாத அளவுக்கு இமைகள் வீங்கியிருந்தன. மருத்துவமனையில் சேர்த்து, ஸ்டீராய்டு மாத்திரைகள் கொடுத்துத்தான் வீக்கத்தைக் குறைத்தார்கள். முடியும் கற்றையாகக் கொட்டியது, பிறகு வளர்ந்துவிட்டது. பரிசோதித்த தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, “சிறு வயதில் விடுமுறையில் கறுப்பு மருதாணி வரைந்துகொண்டதுண்டா?” என்பதுதான்.

இங்கே மற்றப் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் விற்கும் தலைச்சாயப் பெட்டிகளில் 2011 முதல் ஓர் எச்சரிக்கை அச்சிடப்படுகிறது: பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு உரியதல்ல, தற்காலிகக் கறுப்பு மருதாணிப் பச்சை ஒவ்வாமை அபாயத்தைக் கூட்டக்கூடும், முன்பு அத்தகைய பச்சையால் பாதிக்கப்பட்டிருந்தால் இந்தச் சாயத்தைப் பூச வேண்டாம். அந்தப் பெட்டியிலும் இது இருந்தது, மிகச் சிறிய எழுத்தில். பதின்ம வயதுப் பிள்ளைகள் பெட்டியின் முகப்பில் உள்ள நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்களே தவிர, பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

ஜெர்மனியில் அலர்கீபாஸ் என்றொரு சிறு அட்டையைத் தோல் மருத்துவர் கொடுப்பார். எந்தப் பொருள், எந்த நாள் சோதிக்கப்பட்டது, எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பவை அதில் இருக்கும். என் மகள் அதைப் பணப்பையில் வைத்திருக்கிறாள்; முடிதிருத்தகத்தில் அமர்ந்ததும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறாள். பிரிட்டனில் அப்படி ஓர் அட்டை இல்லையென்றால் நீங்களே ஒன்றை எழுதிக்கொடுங்கள். “பி.பி.டி. இல்லை” என்று விளம்பரப்படுத்தும் சாயங்களையும் நம்பி வாங்காதீர்கள், அவற்றில் பல டொலுவின்-2,5-டையமின் என்ற உறவினப் பொருளால் ஆனவை. என் மகளுக்கு அதற்கும் ஒவ்வாமை இருப்பது சோதனையில் தெரிந்தது.

மறுமொழி: இலைக்கூம்பு (மருதாணி வரைபவர், ஈஸ்ட்ஹாம்)

நான் திருமணங்களுக்கும் தீபாவளி, ரம்ஜான் விழாக்களுக்கும் மருதாணி வரைந்து கொடுக்கிறேன். செப்டம்பர்த் திருமணத்தைப் பற்றிய கேள்விக்கு என் தொழில் அனுபவத்திலிருந்து பதில் கூறலாம் என்று எண்ணுகிறேன்.

மருதாணி இடலாமா என்று கேட்பதை விட, எந்தக் கூம்பு (மருதாணிப் பசை நிரப்பிய கோன்) என்று கேட்பதே சரி. ராஜஸ்தானின் சோஜத் பகுதியில் விளைந்த பொடியை (2021இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது) நான் வாங்கி, மெல்லிய துணியில் சலித்து, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, சிறிதளவு லாவெண்டர் எண்ணெய் சேர்த்துக் குழைத்து, ஓர் இரவு ஊறவிட்டுக் கூம்புகளில் நிரப்புகிறேன். இந்தப் பசை அறை வெப்பத்தில் சில நாள்களே தாங்கும். பிறகு நிறம் விடாது. அதனால் உறைபெட்டியில்தான் வைப்பேன். கடையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தும் கெடாமல், பத்து நிமிடத்தில் சிவக்கும் என்று விற்கப்படும் கூம்பில் இருப்பது இலை மட்டுமல்ல. கறுப்புக் கூம்பில் பி.பி.டி. இருக்கும் என்றால், உடனடிச் சிவப்புக் கூம்புகளில் சோடியம் பிக்ரமேட் போன்ற சாயங்கள் இருப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இன்னும் சிலர் நிறம் பிடிக்க மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ கலக்கிறார்கள். வாசனையிலேயே தெரிந்துவிடும்: நல்ல பசை ஈரமான வைக்கோலும் இலையும் கலந்த மணம் வீசும், மற்றது பெட்ரோல் பங்கை நினைவூட்டும்.

மணப்பெண்ணின் அலங்காரத்துக்கு வருபவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை எளியவை. பசையைத் தாமே குழைக்கிறாரா? அதில் என்னென்ன சேர்க்கிறார்? எவ்வளவு நேரம் வைத்திருக்கச் சொல்கிறார்? நான்கு முதல் எட்டு மணி நேரம் என்றால் நல்லது. அரை மணி நேரம் போதும் என்றால் மகளின் கையை நீட்ட விடாதீர்கள். முதலில் வரும் நிறம் ஆரஞ்சுதானா, அல்லது ஆரம்பத்திலேயே கறுப்பா என்பதையும் கேளுங்கள். கோபித்துக்கொள்பவரைத் தவிர்த்துவிடுங்கள், ஒளிக்க எதுவும் இல்லாதவர் கோபிக்க மாட்டார்.

இன்னொன்று. தென் அமெரிக்காவின் ஜெனிபா பழச்சாற்றிலிருந்து செய்யும் ஜாகுவா என்ற பொருள் இப்போது கறுப்பு மருதாணிக்கு இயற்கை மாற்று என்று விற்கப்படுகிறது. உண்மையிலேயே பழச்சாறுதான், நீலக் கறுப்பு நிறம் தரும். ஆனால் அதற்கும் ஒவ்வாமை வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஏற்கெனவே ஒருமுறை கொப்புளித்த குழந்தைக்கு அதை நான் வரைய மாட்டேன். தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர் பச்சைகள் வேறு வகை, அவற்றில் பி.பி.டி. இருப்பதில்லை.

கேள்வி கேட்டவர்: கொன்றை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மதுரை ஐயா, உங்கள் அக்கறைக்கும் நன்றி. மஞ்சளைப் பூசாமல் களிம்பையே தொடர்கிறேன். இரண்டு செய்திகளில் மட்டும் தெளிவு வேண்டும். கணவரின் தலைச்சாயம் பற்றி யாரும் குறிப்பிடவில்லை. அவர் பயன்படுத்துவது சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவரும் சிறு பொட்டலம். மேலே “கறுப்பு மெஹந்தி” என்று எழுதி இலைப் படமும் போட்டிருக்கிறது. அடுத்து, திருமணத்துக்கு முன்பு நல்ல மருதாணியை மகளுக்கு எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

மறுமொழி: மருந்துப்பெட்டி

பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கூர்ந்து படியுங்கள். பி-பினைலீன்டையமின் அல்லது சி.ஐ. 76060 என்று இருந்தால் அது பி.பி.டி.யேதான். இந்தியாவில் கறுப்பு மெஹந்தி என்ற பெயரில் விற்கும் பொடிகளில் மருதாணியோடு இதுவும் கலந்திருப்பது வழக்கம். இலைப் படத்தை நம்ப முடியாது. பொருள் பட்டியலே அச்சிடாத பொட்டலத்தை நான் வீட்டிலேயே வைத்திருக்க மாட்டேன்.

பூசி, நிறம் முழுமையாகப் பிடித்து, நன்றாகக் கழுவிய தலைமுடியால் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. கலக்கும் கிண்ணம், தூரிகை, கையுறை, கழுவாத தலை, சாயம் பட்ட துண்டு, தலையணை உறை ஆகியவைதான் தீங்கானவை. அவர் முடிதிருத்தகத்தில் பூசிக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவது எல்லாவற்றையும் விட எளிது. நரையை அப்படியே விட்டுவிடுவது அதனினும் எளிது என்று என் மனைவி கூறுகிறார். அதை நான் ஆலோசனையாகச் சேர்க்கவில்லை.

மறுமொழி: நொச்சி

மருதாணியைச் சோதிப்பது பற்றி: கையில் உள்ள அழற்சி முழுவதும் ஆறிய பிறகே செய்யுங்கள். திருமணத்தன்று பயன்படுத்தவிருக்கும் அதே பசையை, வரைபவரிடமிருந்து முன்கூட்டியே பெற்று, பாதிக்கப்படாத மறுகையின் உட்புறத்தில் ஒரு பொட்டு அளவுக்கு வைத்து, சில மணி நேரத்தில் உதிர்த்துவிடுங்கள். இந்தப் பசையில் தூய இலையும் எலுமிச்சையும் மட்டுமே உள்ளன என்று உறுதியாகத் தெரிந்தால்தான் இதைச் செய்ய வேண்டும். கடைக் கூம்பைச் சோதித்துப் பார்ப்பது, ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வேண்டுமென்றே பி.பி.டி. கொடுப்பதற்குச் சமமாகிவிடலாம். ஓரிரு நாள் பார்த்துவிட்டு எதுவும் வரவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரமாவது கவனியுங்கள். ஆகையால் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். தோல் மருத்துவரைச் சந்திக்கும் நாள் அதற்கு முன்பே அமைந்தால் அவரது அனுமதியையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

பிரிட்டனுக்குள்ளேயே, கோயில் திருவிழாவிலோ தீபாவளிச் சந்தையிலோ, அரை மணி நேரத்தில் கறுப்பாகும் பசையை யாரேனும் குழந்தைகளுக்கு வரைவதைக் கண்டால், உள்ளூர் மன்றத்தின் வணிகத் தர நிர்ணயப் பிரிவுக்கோ சுற்றுச்சூழல் நலப் பிரிவுக்கோ தெரிவிக்கலாம். பசை வைத்த கூம்பின் படம், கடையின் இடம், நாள் ஆகியவை இருந்தால் அவர்கள் மாதிரி எடுத்துச் சோதிக்க முடியும்.

பள்ளியிலும் சுற்றுலாப் படிவங்களிலும் ஒவ்வாமை என்ற இடத்தில், “பாரா-பினைலீன்டையமின்: தலைச்சாயம், கறுப்பு மருதாணி, முகத்திலும் கையிலும் வரையும் கறுப்புச் சாயம் கூடாது” என்று முழுமையாக எழுதுங்கள். பள்ளி விழாக்களில் முகத்தில் வண்ணம் தீட்டுபவர்கள் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட நீர்ச்சாயங்களையே பயன்படுத்துகிறார்கள், அவற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை. எனினும் எந்தப் பொருள் என்று கேட்கும் பொறுப்பு ஆசிரியருக்கு உண்டு என்பதை அந்த வரி உணர்த்தும்.